தொலைவுமானி ஒளிப்படக்கருவியில் மலர் அண்மைப்படம்

தொலைவுமானி ஒளிப்படக்கருவியில் மலர் அண்மைப்படம் என்பது, பேச்சு வழக்கில் ரேஞ்ச்பைண்டர் கேமரா எனப்படும் பழைய வகைப் படச்சுருள் கருவியைக் கொண்டு, ஒரு பூவை அல்லது பூங்கொத்தைச் சட்டம் நிறையும் அளவுக்கு அருகிலிருந்து படமெடுக்கும் முறையாகும். தெருக்காட்சி, செய்திப்படம், மனிதர் உருவப்படம் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற இக்கருவிகள் அண்மைப் படப்பிடிப்புக்கு இயல்பாகப் பொருந்துவன அல்ல. படமெடுப்பவர் வில்லையின் வழியாகப் பார்ப்பதில்லை என்பதே இதற்கு அடிப்படைக் காரணம். எனினும் 1930களிலிருந்தே இக்குறையைக் கடப்பதற்கெனப் பல துணைக்கருவிகளும் வில்லைகளும் செய்யப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை 35 மி.மீ. படச்சுருளில் 24 × 36 மி.மீ. அளவுள்ள சட்டத்தைப் பதியும் கருவிகளைப் பற்றியது.

தொலைவுமானி இயங்கும் முறை

தொலைவுமானியில் ஒன்றுக்கொன்று சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சாளரங்கள் இருக்கும். பார்வைச்சாளரத்தின் வழியே நேரடியாக ஒரு பிம்பமும், இரண்டாம் சாளரத்தின் வழியே, அசையும் ஆடியோ பட்டகமோ கொண்டு, மற்றொரு பிம்பமும் கண்ணை அடைகின்றன. வில்லையின் வளையத்தைத் திருப்பும்போது அதனுடன் பிணைக்கப்பட்ட நெம்புகோல் இரண்டாம் பிம்பத்தை நகர்த்துகிறது. இரு பிம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் நிலையில் வில்லை அப்பொருளின் மீது குவியமடைந்திருக்கும். நில அளவையில் பயன்படும் முக்கோண முறையின் சிறு வடிவமே இது. இரு சாளரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு அடித்தளம் எனப்படும். 1954 இல் வெளிவந்த லைக்கா எம்3 கருவியில் அடித்தளம் 68.5 மி.மீ., பார்வைச்சாளரத்தின் உருப்பெருக்கம் 0.91 ஆகும்.

தொலைவுமானி அருகில் துல்லியம் குறைந்தது என்று கருதப்படுவதுண்டு. இது சரியன்று. பிம்பங்களைப் பொருத்துவதில் ஏற்படும் பிழை, பொருளின் தொலைவின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. அரை மீட்டரில் ஏற்படும் பிழை, ஒரு மீட்டரில் ஏற்படுவதில் நான்கில் ஒரு பங்கே. புல ஆழமும் ஏறத்தாழ இதே வீதத்தில் சுருங்குவதால் இரண்டும் ஈடுசெய்யப்படுகின்றன. எனவே சிக்கல் தொலைவை அளப்பதில் இல்லை. நெம்புகோலும் வில்லையின் திருகும் எவ்வளவு தூரம் நகர முடியும் என்பதும், பார்வைச்சாளரம் காட்டும் சட்டம் வில்லை காணும் சட்டத்துடன் பொருந்துமா என்பதுமே உண்மையான தடைகள்.

அண்மைப் படப்பிடிப்பின் தடைகள்

மிகக்குறைந்த குவியத் தொலைவு

பழைய 50 மி.மீ. வில்லைகளில் பெரும்பாலானவை 1 மீட்டருக்கு அருகில் குவியமடைவதில்லை. 50 மி.மீ. குவியத் தூரமுள்ள வில்லைக்கு, படச்சுருளின் தளத்திலிருந்து அளந்த தொலைவும் சட்டத்தில் அடங்கும் பரப்பும் கணக்கீட்டின்படி ஏறத்தாழ வருமாறு:

- 1 மீ. தொலைவில்: உருப்பெருக்கம் 1:18, பரப்பு 43 × 65 செ.மீ.
- 0.7 மீ. தொலைவில்: உருப்பெருக்கம் 1:12, பரப்பு 29 × 43 செ.மீ.
- 0.48 மீ. தொலைவில்: உருப்பெருக்கம் 1:7.5, பரப்பு 18 × 27 செ.மீ.

10 செ.மீ. அகலமுள்ள ஒரு செம்பருத்திப் பூ, 1 மீட்டரிலிருந்து எடுத்தால் படச்சுருளில் 6 மி.மீ. அகலங்கூட இராது. 0.48 மீட்டரில் அது 13 மி.மீ. ஆகும். தும்பை போன்ற சிறு பூக்களுக்கு இத்தொலைவும் போதாது.

இடமாறு தோற்றப்பிழை

பார்வைச்சாளரம் வில்லைக்கு மேலும் பக்கவாட்டிலும் சில சென்டிமீட்டர் தள்ளி அமைந்துள்ளது. இரண்டின் அச்சுகளும் இணையாக இருந்தால், அவை காணும் சட்டங்களும் பொருளின் தளத்தில் அதே சில சென்டிமீட்டர் விலகியிருக்கும். விலகல் 4 செ.மீ. எனக் கொள்வோம். 3 மீட்டரில் சட்டத்தில் அடங்கும் பரப்பு ஏறத்தாழ 140 × 210 செ.மீ. ஆதலால் 4 செ.மீ. பொருட்டன்று. ஆனால் பரப்பு 12 × 18 செ.மீ. ஆகும்போது அதே 4 செ.மீ. குறுகிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகிறது. சாளரத்தில் நடுவில் தெரிந்த பூ, படத்தில் இதழ் வெட்டுண்டு ஓரத்தில் நிற்பது இதனாலேயே.

எம்3 போன்ற கருவிகளில், வில்லையைக் குவியப்படுத்தும்போது சாளரத்திலுள்ள சட்டக்கோடுகளும் உடன் நகர்ந்து இப்பிழையைப் பெருமளவு ஈடுசெய்கின்றன. எனினும் இது வில்லை நெம்புகோலுடன் பிணைந்திருக்கும் எல்லைக்குள் மட்டுமே செயற்படும்.

புல ஆழம்

உருப்பெருக்கம் கூடக்கூடப் புல ஆழம் விரைவாகக் குறைகிறது. மங்கல் வட்டத்தின் விட்டத்தை 0.03 மி.மீ. எனக் கொண்டால், 1:7.5 உருப்பெருக்கத்தில் துளை எண் 2 இல் புல ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ., துளை எண் 8 இல் 30 மி.மீ., துளை எண் 16 இல் 60 மி.மீ. ஆகும். 1:1 உருப்பெருக்கத்தில் துளை எண் 16 இலும் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே கிடைக்கும். தொலைவுமானிக் கருவியின் சாளரத்தில் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒன்றுபோலத் தெளிவாகவே தெரியும். ஆகவே பின்னணி எவ்வளவு மங்கும் என்பதைப் படமெடுப்பவர் கணக்கிட்டோ, அனுபவத்தாலோதான் அறிய இயலும்.

வரலாறு

மலர்களையும் தாவர உறுப்புகளையும் அருகிலிருந்து படமெடுத்துப் புகழ்பெற்றவர்களுள் செருமானியரான கார்ல் பிளாஸ்பெல்ட், அமெரிக்கரான இமோஜென் கன்னிங்காம் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். பிளாஸ்பெல்ட்டின் தாவரப்பட நூல் 1928 இல் வெளியானது. கன்னிங்காமின் மக்னோலியாப் பூப்படம் 1925 இல் எடுக்கப்பட்டது. இவர்கள் பயன்படுத்தியவை பின்புறக் கண்ணாடியில் வில்லையின் பிம்பத்தையே காட்டும் பெரிய கருவிகள். கையடக்கமான 35 மி.மீ. கருவியில் அந்த வசதி இல்லாதிருந்தது.

ஆஸ்கார் பர்னாக் வடிவமைத்த முதல் லைக்கா 1925 இல் விற்பனைக்கு வந்தது. அதில் தொலைவுமானி உள்ளமைந்திருக்கவில்லை. வில்லையுடன் பிணைந்த தொலைவுமானி கொண்ட லைக்கா II, சைஸ் ஐக்கான் நிறுவனத்தின் கொன்டாக்ஸ் ஆகிய இரண்டும் 1932 இல் வெளியாயின. அப்பத்தாண்டிலேயே அண்மைப் படத்துக்கான துணைக்கருவிகளும் தோன்றின.

- நூக்கி: லைக்காவின் 50 மி.மீ. எல்மார் வில்லைக்கானது. வில்லையை முன்னே நகர்த்துவதோடு, சாளரங்களின்முன் ஒளியியல் உறுப்பு ஒன்றை நிறுத்தித் தொலைவுமானியையும் இடமாறு தோற்றப்பிழையையும் ஒருங்கே சரிசெய்தது.
- கொன்டாமீட்டர்: கொன்டாக்ஸ் கருவிக்கானது. 50, 30, 20 செ.மீ. ஆகிய மூன்று தொலைவுகளுக்கு மூன்று துணைவில்லைகளையும் தனியொரு தொலைவுமானியையும் கொண்டது.
- பிளூட்: 1935 இல் லைக்காவுக்கென வெளிவந்த ஆடிப்பெட்டி. கருவிக்கும் வில்லைக்கும் இடையில் பொருத்தினால், வில்லையின் வழியே வரும் பிம்பத்தையே காணலாம். பின்னர் வந்த விசோபிளெக்ஸ் வரிசைக்கு இதுவே முன்னோடி.

சப்பானில் நிக்கான் நிறுவனம், திருகு மரையுள்ள சில 50 மி.மீ. நிக்கார் வில்லைகளைத் தொலைவுமானியின் எல்லையைத் தாண்டி ஏறத்தாழ 45 செ.மீ. வரை திரும்பும்படி அமைத்தது. அப்பகுதியில் தொலைவைக் கையால் அளந்தே வைக்கவேண்டும். இந்நிறுவனத்தின் முதல் மைக்ரோ நிக்கார் வில்லையும் 1956 இல் தொலைவுமானிக் கருவிக்கே வெளியானது. நுணுக்கமான சப்பானிய எழுத்துகளைக் கொண்ட ஆவணங்களை நுண்படமாக்குவது அதன் நோக்கமாகும்.

1957 இல் அசாகி பென்டாக்ஸ், 1959 இல் நிக்கான் எப் ஆகிய ஒற்றைவில்லை எதிரொளிப்புக் கருவிகள் வந்தபின் நிலைமை மாறியது. வில்லை காண்பதையே கண்ணும் காணும் இக்கருவிகளில் இடமாறு தோற்றப்பிழை இல்லை. மலர், பூச்சி, மருத்துவப் படங்கள் எடுப்போர் அவற்றை நாடினர். அண்மைப் படப்பிடிப்பில் எதிரொளிப்புக் கருவிக்கு இருந்த இந்த மேன்மை, தொலைவுமானிக் கருவிகளின் சந்தை சுருங்கியதற்கான காரணங்களுள் ஒன்றாகும்.

டூயல் ரேஞ்ச் சம்மிக்ரான்

தொலைவுமானியைக் கைவிடாமலே அண்மைத் தொலைவை எட்ட முயன்ற வில்லைகளுள் நன்கு அறியப்பட்டது, லைக்காவின் 50 மி.மீ. டூயல் ரேஞ்ச் சம்மிக்ரான் ஆகும். பெருமத் துளை எண் 2 கொண்ட இவ்வில்லை 1956 முதல் 1968 வரை தயாரிக்கப்பட்டது. இதற்கு இரண்டு குவிய எல்லைகள் உண்டு. முதலாவது, முடிவிலி முதல் 1 மீ. வரை. இரண்டாவது, 88 செ.மீ. முதல் 48 செ.மீ. வரை. இரண்டாம் எல்லையில் பயன்படுத்த, கண்ணாடிகள் போன்ற ஓர் இணைப்பை வில்லையின்மேல் பொருத்தவேண்டும். அது கருவியின் இரு சாளரங்களுக்கும் முன்னால் நின்று, தொலைவுமானியின் அளவீட்டையும் சட்டத்தையும் அண்மைக்கு ஏற்ப மாற்றுகிறது. இணைப்பைப் பொருத்தாமல் வில்லையை அண்மை எல்லைக்குள் திருப்ப இயலாதவாறு ஒரு தடுப்பு அமைந்துள்ளது.

பழைய வில்லையை வாங்குவோர் இந்த இணைப்பும் உடன் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். அஃதின்றேல் இது 1 மீட்டர் வரை மட்டுமே பயன்படும் சாதாரண வில்லையாகிவிடும்.

செயல்முறைகள்

துணைவில்லை

எல்லாத் தொலைவுமானிக் கருவிகளிலும் பயன்படக்கூடிய எளிய, மலிவான வழி இதுவே. வில்லையை மாற்ற இயலாத யாஷிக்கா எலக்ட்ரோ 35, கேனனெட் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். வில்லையின் முன்மரையில் ஒரு குவிவில்லையைத் திருகிப் பொருத்த வேண்டும். அதன் திறன் டையாப்டர் என்ற அலகில் குறிக்கப்படும். முதன்மை வில்லை முடிவிலியில் இருக்கும்போது, பொருள் இருக்கவேண்டிய தொலைவை மீட்டரில் பெற ஒன்றைத் திறன் எண்ணால் வகுத்தால் போதும். 50 மி.மீ. வில்லையில் இதன் விளைவு:

- +1 டையாப்டர்: தொலைவு 100 செ.மீ., உருப்பெருக்கம் 1:20
- +2 டையாப்டர்: தொலைவு 50 செ.மீ., உருப்பெருக்கம் 1:10
- +3 டையாப்டர்: தொலைவு 33 செ.மீ., உருப்பெருக்கம் 1:6.7
- +4 டையாப்டர்: தொலைவு 25 செ.மீ., உருப்பெருக்கம் 1:5

இத்தொலைவுகள் துணைவில்லையின் முகப்பிலிருந்து பூவரை அளக்கப்படுவன. படச்சுருளின் தளத்திலிருந்து அல்ல. முதன்மை வில்லையை 1 மீட்டரில் வைத்தால் +4 துணைவில்லையின் தொலைவு ஏறத்தாழ 20 செ.மீ. ஆகக் குறையும். முதன்மை வில்லை முடிவிலியில் இருக்கும்வரை ஒளியேற்பில் திருத்தம் தேவையில்லை.

துணைவில்லையைப் பொருத்தியபின் தொலைவுமானி காட்டும் அளவு பொருளற்றதாகிவிடும். எனவே தொலைவை நேரடியாக அளக்கவேண்டும். வில்லையின் விளிம்பில் கட்டிய நூலில் 25 செ.மீ. தொலைவில் ஒரு முடிச்சிட்டு, அதை மலரின் மகரந்தத்தண்டு வரை இழுத்துப் பார்ப்பது நம்பகமான முறை. அளந்தபின் நூலை விலக்கிவிட வேண்டும். துளை எண் 8 இல் +4 துணைவில்லையின் புல ஆழம் ஏறத்தாழ 12 மி.மீ. ஆதலால், அளவில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் மலர் தெளிவை இழக்கும்.

கம்பிச்சட்டம்

பதியும் பரப்பின் அளவுக்கு வளைத்த கம்பிச்சட்டம் ஒன்றை, உரிய தொலைவில் இரு தண்டுகளால் கருவியுடன் பிணைத்துக் கொள்வது மற்றொரு முறை. கம்பிக்குள் பூ அடங்கினால் குவியமும் சட்டமும் ஒருசேர அமைந்துவிடும். பார்வைச்சாளரத்தைப் பார்க்கவே தேவையில்லை. கம்பி படத்தில் விழாதிருக்க, அதைப் பரப்பைவிடச் சற்றுப் பெரிதாக வளைக்க வேண்டும்.

தேய்த்த கண்ணாடிச் சோதனை

பின்கதவு முழுமையாகத் திறக்கும் அல்லது கழலும் கருவிகளில், படச்சுருளை இடுவதற்கு முன்பு இச்சோதனையைச் செய்யலாம். கருவியை முக்காலியில் நிறுத்தி, படச்சுருள் பதியும் இடத்தில் தேய்த்த கண்ணாடியையோ, நகலெடுக்கும் மெல்லிய தாளையோ இறுக்கமாகப் பொருத்த வேண்டும். ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தினால், வில்லை உருவாக்கும் பிம்பம் தலைகீழாக அதில் விழும். சட்டத்தின் எல்லை, குவியத் தொலைவு, சாளரத்துக்கும் வில்லைக்கும் உள்ள விலகல் ஆகிய மூன்றையும் இவ்வாறு அளந்து குறித்துக்கொண்டால் பின்னர் கணக்கீடு தேவைப்படாது. இச்சோதனையை ஒருமுறை செய்வது, ஒரு படச்சுருளை முழுவதும் வீணாக்குவதைத் தவிர்க்கும்.

இணை நகர்வு

முக்காலியில் நிறுத்திய கருவியில், பூவைச் சாளரத்தின் நடுவில் அமைத்தபின், சாளரம் இருந்த இடத்துக்கு வில்லை வரும்படி கருவியை மேலும் பக்கவாட்டிலும் நகர்த்தினால் இடமாறு தோற்றப்பிழை நீங்கும். கருவியைச் சாய்த்தல் கூடாது, இணையாகவே நகர்த்தவேண்டும். சாய்த்தால் பின்னணி மாறுவதோடு குவியத் தளமும் சாயும்.

விசோபிளெக்ஸ்

1950களின் தொடக்கம் முதல் 1984 வரை மூன்று தலைமுறைகளாக வெளிவந்த விசோபிளெக்ஸ் ஆடிப்பெட்டி, லைக்காவை ஏறத்தாழ ஒரு எதிரொளிப்புக் கருவியாகவே மாற்றியது. துருத்தியுடன் இணைத்து 1:1 வரையும் அதற்கு மேலும் எடுக்கலாம். எடை கூடுதல் என்பதும், தொலைவுமானியின் எளிமை இழக்கப்படுகிறது என்பதும் இதன் குறைகள். நீட்டிப்பினால் ஒளி குறைவதால் ஒளியேற்பையும் கூட்டவேண்டும்: 1:2 இல் 2.25 மடங்கும், 1:1 இல் 4 மடங்கும் ஒளி தேவை. எம்3 இல் ஒளிமானி உள்ளமைந்திருக்கவில்லை ஆதலால் இத்திருத்தத்தைப் படமெடுப்பவரே செய்யவேண்டும்.

காற்றும் ஒளியும்

மலர்ப் படங்கள் கெடுவதற்குக் குவியப் பிழைக்கு அடுத்த காரணம் காற்றாகும். ஒரு பூ நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் அசைவதாகக் கொள்வோம். 1/60 நொடியில் அது 0.8 மி.மீ. நகரும். 3 மீட்டரிலிருந்து எடுத்த படத்தில் இந்நகர்வு 0.014 மி.மீ. மட்டுமே, கண்ணுக்குப் புலப்படாது. 1:5 உருப்பெருக்கத்தில் அதுவே 0.17 மி.மீ. ஆகிப் படத்தை மங்கச் செய்யும். 1/500 நொடியில் எடுத்தால் 0.02 மி.மீ. ஆகத் தணியும்.

ஐ.எஸ்.ஓ 100 படச்சுருளுக்கு நேர்வெயிலில் துளை எண் 16 உடன் 1/125 நொடி பொருந்தும். திறந்த நிழலில் துளை எண் 8 உடன் 1/60 நொடி தேவைப்படலாம். நிழலின் மென்மையான ஒளியே இதழ்களின் நுணுக்கத்தைச் சிறப்பாகக் காட்டும். ஆனால் அந்த ஒளியில் காற்றை வெல்லும் வேகம் கிடைப்பதில்லை. காற்று அடங்கியிருக்கும் அதிகாலை, ஐ.எஸ்.ஓ 400 படச்சுருள், தண்டருகே ஊன்றிய ஒரு குச்சி ஆகியவை வழக்கமான தீர்வுகள்.

நிறப்பதிவு

கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகப் பதிந்து, பூ இலையில் கரைந்துவிடக்கூடும். பச்சை வடிகட்டி பூவைக் கருமையாக்கி இலையை வெளுப்பாக்கும். செம்மஞ்சள் அல்லது சிவப்பு வடிகட்டி இதற்கு எதிராகச் செயற்படும். தொலைவுமானிக் கருவியின் சாளரத்தில் வடிகட்டியின் விளைவு தெரியாது.

வண்ணப் படச்சுருளில் சில நீலப் பூக்கள் இளஞ்சிவப்பு அல்லது ஊதா சாயலுடன் பதிவதுண்டு. அஜெராட்டம் என்ற பூவில் நன்கு காணப்படுவதால் இது அஜெராட்டம் விளைவு எனப்படுகிறது. இப்பூக்கள் மனிதக் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் நெடுஞ்சிவப்பு ஒளியை மிகுதியாக எதிரொளிக்கின்றன; படச்சுருளின் சிவப்புணர் படலம் அதனைப் பதிந்துவிடுகிறது. இது கழுவுமிடத்தின் தவறன்று.

நிறைகளும் குறைகளும்

நிறைகள்:

- எழும்பும் ஆடி இல்லாமையால் அதிர்வு குறைவு.
- படம் பதியும் கணத்திலும் சாளரம் இருள்வதில்லை. அக்கணத்தில் பூ அசைந்ததா என்பதைக் கண்ணால் காணலாம். விசோபிளெக்ஸ் பொருத்திய நிலையில் இந்த இரு நிறைகளும் இல்லை.
- கருவி சிறியது, ஓசை குறைவு.

குறைகள்:

- சட்டத்தையும் புல ஆழத்தையும் முன்கூட்டியே காண இயலாது.
- வில்லை மூடியைக் கழற்ற மறந்தாலும் சாளரத்தில் தெரியாது.
- துணி ஷட்டர் கொண்ட கருவியில் வில்லைக்கும் துணிக்கும் இடையில் ஆடி இல்லை. கீழிருந்து வானை நோக்கிப் பூவை எடுக்கும்போது கதிரவனின் பிம்பம் துணியில் விழுந்து துளையிடக்கூடும். படமெடுக்காத நேரத்தில் வில்லையை மூடிவைத்தல் வேண்டும்.
- பிழைகள் படச்சுருளைக் கழுவிய பின்னரே தெரியவரும். செம்பருத்தி மறுநாளும் பூக்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, 2006 இலும் 2018 இலும் மூணாறு மலைப்பகுதியில் பூத்த நீலக்குறிஞ்சிக்கு மறுவாய்ப்பு எளிதில் அமையாது. அத்தகைய மலர்களை எடுக்கச் செல்லுமுன், அதே கருவி, அதே துணைவில்லை, அதே தொலைவு ஆகியவற்றுடன் வேறு பூவில் ஒரு படச்சுருளை எடுத்துக் கழுவிப் பார்ப்பது நன்று. களத்தில் தொலைவைச் சற்று முன்பின்னாக மாற்றி மூன்று படங்களாவது எடுப்பது வழக்கம்.

இன்றைய நிலை

மலர்களை ஆவணப்படுத்தும் பணிக்கு எண்முறைக் கருவிகளே இன்று பொருத்தமானவை. நெடுங்காலம் மலர்ப்படங்களுக்குப் பயன்பட்ட கோடாக்குரோம் படச்சுருளின் தயாரிப்பு 2009 இல் நிறுத்தப்பட்டது. 2012 இல் நிறுத்தப்பட்ட எக்டாக்குரோம் 2018 இல் மீண்டும் வெளியிடப்பட்டது. லைக்கா நிறுவனம் 2003 இல் 90 மி.மீ. மேக்ரோ எல்மார் வில்லையை, 1:3 வரை எடுக்க உதவும் இணைப்புடன் வெளியிட்டது. அவ்விணைப்பும் டூயல் ரேஞ்ச் சம்மிக்ரானின் இணைப்பைப் போன்றே சாளரங்களின்முன் நிற்கும் ஒளியியல் உறுப்பைக் கொண்டது. 2022 இல் எம்6 படச்சுருள் கருவி மீண்டும் தயாரிக்கப்பட்டது. பழைய கருவிகளைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் துணைவில்லை, நூல், முக்காலி ஆகியவற்றைக் கொண்ட எளிய முறையையே பின்பற்றுகின்றனர்.